கிளையை வெட்டி நட்டால் ஏன் வாடிப்போகிறது? பதில் தாய்ச்செடியில் இருக்கிறது

மல்லிகைக் கிளை ஒன்றை ஒடித்துத் தண்ணீரில் போடுகிறீர்கள். மூன்றாம் நாள் இலை தொங்குகிறது. ஒரு வாரத்தில் தண்டின் அடி கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. “நமக்குக் கைராசி இல்லப்பா” என்று சொல்லிக் குப்பையில் போட்டுவிடுகிறீர்கள்.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஆண்டு என் பாட்டி அங் மோ கியோவில் இருந்த தமது மூவறை வீட்டைக் காலி செய்து சித்தப்பா வீட்டுக்கு மாற வேண்டி வந்தது. பாட்டியின் தாழ்வாரத்தில் ஓர் அடுக்கு மல்லி இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெரிய தொட்டியை வைக்கச் சித்தப்பா வீட்டில் இடமில்லை. “குச்சி எடுத்து வெச்சுக்கோம்மா, போதும்” என்றார் பாட்டி, ஏதோ கறிவேப்பிலை ஆய்வது போல.

பத்துக் குச்சி வெட்டினேன். பத்தும் போச்சு.

வீட்டை ஒப்படைக்க மூன்று மாதம் இருந்தது. இரண்டாவது முயற்சியில் ஏழு குச்சியில் ஐந்து பிழைத்தன. கத்தி அதேதான், மண் அதேதான், வெட்டிய ஆளும் அதே ஆள்தான். நடுவில் இருந்த எட்டு வாரம் நான் பாட்டியின் செடியைக் கவனித்துக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

குச்சி பிழைக்குமா பிழைக்காதா என்பதில் பெரும்பகுதி நீங்கள் கத்தியைக் கையில் எடுப்பதற்குப் பல வாரம் முன்பே முடிவாகிவிடுகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

குச்சி என்பது குழந்தையா?

இல்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விதையிலிருந்து முளைப்பது குழந்தை. அதில் தாயின் மரபணு பாதி, தந்தையின் மரபணு பாதி. குச்சியிலிருந்து வளர்வது அதே செடி. இன்னோர் இடத்தில், இன்னொரு தொட்டியில், ஆனால் அதே உயிர். நகல் என்று சொல்வதுகூட முழுச் சரியில்லை. ஒரு வீட்டில் இருந்தவர் இன்னொரு வீட்டுக்கு மாறிப்போனது போலத்தான்.

இதற்கு நம் நாட்டிலேயே அழகான சான்று இருக்கிறது. சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட். ஆர்மேனிய வம்சாவளியைச் சேர்ந்த ஆக்னஸ் ஜோக்கிம் தம் தோட்டத்துச் செடியைத் தாவரவியல் பூந்தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். ரிட்லி அதைப் பற்றி 1893-இல் எழுதினார். 1899-இல் ஆக்னஸ் காலமானார். அவருடைய செடி போகவில்லை. அதன் தண்டை வெட்டி வெட்டி நட்டார்கள். தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1981-இல் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதே செடிதான். இன்று நீங்கள் பார்க்கும் ‘ஆக்னஸ்’ ரகம் ஒவ்வொன்றும் அந்த முதல் செடியின் தொடர்ச்சி.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942 முதல் 1945 வரை) இங்கே அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்ட கதையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த மரவள்ளியும் குச்சி நட்டு வளர்வதுதான். விதைக்குக் காத்திருக்க வேண்டாம். கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகு மிச்சமிருக்கும் தண்டைத் துண்டு போட்டு மண்ணில் செருகினால் அடுத்த பயிர். பசி காலத்தில் அது கைகொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பர் கொஞ்சம் வேறு மாதிரி. 1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூந்தோட்டத்துக்கு வந்தவை 22 கன்றுகள். ஆரம்பத்தில் விதை போட்டுத்தான் தோட்டங்களை உருவாக்கினார்கள். ஒரு மரம் நிறையப் பால் கொடுக்கும், பக்கத்து மரம் கொடுக்காது. பிறகுதான் நன்றாகப் பால் கொடுக்கும் மரத்தின் மொட்டை எடுத்து இன்னொரு கன்றில் ஒட்டுக்கட்டும் முறை வந்தது. மலேசியத் தோட்டங்களில் பெயர்பெற்ற ஆர்ஆர்ஐஎம் 600 அப்படிப் பெருக்கப்பட்ட ரகம். நம் முன்னோர் பால் வெட்டிய வரிசை வரிசையான மரங்களில் மேற்பகுதி எல்லாம் ஒரே தாய்மரமாக இருந்திருக்கக்கூடும்.

சரி, மல்லிகைக்கு வருவோம். அடுக்கு மல்லி பெரும்பாலும் விதை வைப்பதில்லை. இதழ் மேல் இதழாகப் பூப்பதால் விதைக்குத் தேவையான உறுப்புகள் சரியாக உருவாவதில்லை. ஆகவே உங்கள் பாட்டி வீட்டு மல்லிகையை அதே மல்லிகையாகத் தொடரவேண்டும் என்றால் குச்சியோ பதியனோதான் வழி. அது பட்டுப்போனால், கடையில் வேறொரு மல்லிகை வாங்கலாம். பாட்டியின் மல்லிகை கிடைக்காது.

வெட்டிய தண்டுக்குள் என்ன நடக்கிறது?

இலை இருக்கிறது, வேர் இல்லை. இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. கீழிருந்து உறிஞ்சிக் கொடுக்க ஆள் இல்லை. கையிருப்பில் உள்ள தண்ணீரும் சர்க்கரையும் தீர்வதற்குள் புது வேர் வந்தாக வேண்டும். இன்னொரு பக்கம், வெட்டுப்பட்ட அடிப்பகுதி திறந்த புண். பூஞ்சையும் பாக்டீரியாவும் அங்கே காத்திருக்கின்றன. வாடிப்போவதற்கும் அழுகிப்போவதற்கும் முன்னால் வேர்விட வேண்டும்.

வேர் எப்படி வருகிறது? செடியின் நுனியிலும் இளம் இலைகளிலும் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகிறது. அது எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே நகரும். முழுச்செடியில் அது வேர் வரை போய்ச் சேரும். தண்டை வெட்டிவிட்டால் போக வழியில்லாமல் வெட்டிய இடத்தில் தேங்குகிறது. அங்குள்ள சில செல்கள் ‘நான் தண்டு’ என்பதை மறந்துவிட்டு வேராக மாறத் தொடங்குகின்றன. கணுவைச் சுற்றி இது சுலபமாக நடக்கிறது. தண்டில் இலை ஒட்டியிருக்கும் அந்த முடிச்சுதான் கணு. வெற்றிலைக் கொடியைப் பார்த்தால் கணுவில் சின்னச் சின்ன வேர் ஏற்கெனவே எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும்.

கடையில் ‘வேர்விடும் தூள்’ என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது இண்டோல்பியூட்டிரிக் அமிலம். அதுவும் ஆக்சின் வகைதான். மல்லிகை, செம்பருத்தி போன்றவற்றுக்கு உதவும். புதினாவுக்குத் தேவையே இல்லை. தேன் தடவலாம், பட்டைத்தூள் தடவலாம் என்று சமூக ஊடகத்தில் நிறையக் காணொளிகள் உண்டு. அவற்றில் வேர்விடும் ஹார்மோன் இல்லை. பட்டைத்தூள் பூஞ்சையைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம், அவ்வளவே. நான் தேன் தடவிய குச்சிக்கு எறும்புதான் வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். வேர் வரும்வரை அந்தக் குச்சி எதை வைத்து வாழ்கிறது? தாய்ச்செடி கொடுத்தனுப்பிய தண்ணீர், சர்க்கரை, சத்து. கட்டுச்சோறு மாதிரி. தாயிடமே இல்லையென்றால் குச்சிக்கு எங்கிருந்து வரும்?

தாய்ச்செடிக்கு எட்டு வாரம்

பாட்டியின் செடி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பூ நிறைய. அதுவே முதல் சிக்கல். பூக்கும் கிளை தன் சர்க்கரையைப் பூவுக்குச் செலவிடுகிறது. அதை வெட்டி நட்டால், மிச்சமிருப்பதையும் மொட்டுக்கே கொடுத்துவிட்டு வேருக்கு ஒன்றுமில்லாமல் நிற்கும். நான் முதலில் வெட்டிய பத்தும் பூத்துக்கொண்டிருந்த கிளைகள். அழகாக இருந்தன என்று எடுத்தேன்.

ஆகவே முதல் வேலை, கவாத்து. செடியை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டேன். பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. “பூக்குற செடிய இப்படியா மொட்டையடிப்பே?” என்று இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் வெட்டிய இடத்துக்குக் கீழே உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் விழித்து, மூன்று வாரத்தில் புதுக் கிளைகள் வந்தன. நமக்கு வேண்டியவை அவைதான். பழைய மரம்போன்ற தண்டு வேர்விடத் தயங்கும். இளசாக இருப்பது சீக்கிரம் விடும். தாய்ச்செடியை அவ்வப்போது வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் அது எப்போதும் இளங்கிளைகளைத் தந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது சிக்கல் தொட்டிக்குள். பல ஆண்டு ஒரே தொட்டியில் இருந்தால் வேர்கள் உள்ளே சுற்றிச் சுற்றி ஒரு பந்தாகிவிடும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்தப் பந்தைத் தொடாமல் ஓரமாக வழிந்து கீழே போய்விடும். மேலே ஊற்றிய அடுத்த விநாடியே கீழே கொட்டுகிறதா? அதுதான் அறிகுறி. பாட்டியின் தொட்டியைத் தட்டிக் கவிழ்த்தபோது மண்ணே தெரியவில்லை, எல்லாம் வேர். வெளிச்சுற்றில் இருந்த வேரைக் கத்தரியால் விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டு, புது மண் போட்டு, அதே தொட்டியில் திரும்ப வைத்தேன். கவாத்தும் வேர் வெட்டும் ஒரே நாளில் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள்.

மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உரத்தின் உப்பு. தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடிய விட்டால் உப்பு கரைந்து போய்விடும்.

உரம் பற்றி ஒரு வார்த்தை. தாய்ச்செடி நன்றாக இருக்க வேண்டும் என்று தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். தழைச்சத்து என்பது நைட்ரஜன். அது அதிகமானால் கிளை தளதளவென்று, நீர்க்கோத்து, மென்மையாக வளரும். பார்க்க ஆரோக்கியம், நட்டால் முதலில் அழுகுவது அதுதான். தண்டில் சர்க்கரை சேர வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். மிதமான உரம், நல்ல வெளிச்சம், வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பு உரத்தை நிறுத்திவிடுவது. நான் செய்தது இவ்வளவே. மல்லிகைக்குத் தினமும் நான்கைந்து மணி நேரமாவது வெயில் படவேண்டும். சில தாழ்வாரங்களில் அது கிடைக்காது. அப்படியானால் சன்னல் பக்கம் யோசியுங்கள்.

பிறகு பூச்சி. இதில்தான் கண்டிப்பு வேண்டும். இலைக்கு அடியிலும் கணுவின் இடுக்கிலும் பஞ்சுபோல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகளும் மெல்லிய வலையும் இருந்தால் செஞ்சிலந்தி. குச்சி அதே செடி என்று சொன்னேன் அல்லவா? தாயிடம் உள்ள பூச்சியும் நோயும் கூடவே வரும். பூச்சியைத் துடைத்து, சோப்பு நீர் தெளித்து விரட்டலாம். இரண்டு மூன்று முறை, வாரம் ஒரு தடவை. வைரஸ் வந்தால் அப்படி விரட்ட முடியாது. இலையில் திட்டுத் திட்டாக மஞ்சளும் பச்சையும் கலந்து, புது இலைகள் நெளிந்து சுருண்டு வந்துகொண்டே இருந்தால் அந்தச் செடியிலிருந்து குச்சி எடுக்காதீர்கள். வைரஸ் தண்டுக்குள்ளேயே இருக்கும்; பத்துக் குச்சி எடுத்தால் பத்து நோயாளிகள். அந்தச் செடியை வெட்டிய கத்தரியை அடுத்த செடியில் வைத்தால் அதற்கும் பரவலாம். கத்தரியை 70 விழுக்காடு ஆல்கஹால் கொண்டு துடைக்கும் பழக்கம் நல்லது. கோவிட் காலத்தில் வாங்கிய கிருமிநாசினி வீட்டில் எங்காவது இருக்குமே.

வெட்டும் நாள்

முந்தைய நாள் மாலை தாய்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் வெட்டுங்கள். இரவு முழுக்கத் தண்ணீர் ஏறித் தண்டு விறைப்பாக இருக்கும். வேலை முடிந்து வந்து சாயங்காலம் வெட்டினால் வெயிலில் காய்ந்த கிளையை வெட்டுகிறீர்கள்.

பூவோ மொட்டோ இல்லாத கிளை. வளைத்தால் ரப்பர் போல் மடங்குவது ரொம்ப இளசு. வளையவே வளையாதது முற்றல். கொஞ்சம் வளைந்து, பிறகு முறியப் பார்க்கும் பதம்தான் மல்லிகைக்குச் சரி. நீளம் 10 முதல் 15 சென்டிமீட்டர். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேலே இரண்டே இரண்டு இலை மட்டும் விடுங்கள். செம்பருத்தி போல் பெரிய இலையாக இருந்தால் அதையும் பாதியாக வெட்டலாம். இலை முழுவதையும் எடுத்துவிடக் கூடாது. ஆக்சின் வருவதும் சர்க்கரை தயாராவதும் அங்கேதான்.

நடுவதற்குச் சத்தான மண் தேவையில்லை, உண்மையில் கெடுதல். தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் பாதிக்குப் பாதி, அல்லது நார்த்தூளும் கழுவிய மணலும். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் ஈரம் போதும். முதலில் ஒரு குச்சியால் துளை போட்டுவிட்டு அதில் தண்டை இறக்குங்கள். ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

மேலே ஒரு மூடி. பெரிய குளிர்பானப் போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்தால் போதும். உள்ளே காற்று ஈரமாக இருக்கும்போது இலை தண்ணீரை இழப்பது குறைகிறது. குளிர்நாடுகளில் தொட்டிக்கு அடியில் சூடேற்றும் பாய் எல்லாம் விரிப்பார்கள். நமக்கு அது வேண்டாம், நம் வானிலையே போதுமான சூடு. நமக்குள்ள ஆபத்து நேர் எதிரானது: மூடிய போத்தலின் மேல் நேரடி வெயில் பட்டால் உள்ளே குச்சி வெந்துவிடும். நல்ல வெளிச்சம் வேண்டும், நேரடி வெயில் கூடாது. மேற்கு பார்த்த சன்னல் என்றால் இன்னும் கவனம். தினமும் ஒரு முறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள்.

அப்புறம் கை சும்மா இருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். தினமும் பிடுங்கிப் பார்த்தால் வந்த வேரும் அறுந்துபோகும். புதினாவும் கற்பூரவள்ளியும் ஒரு வாரம், பத்து நாளில் விட்டுவிடும். மல்லிகைக்கு நான்கு முதல் ஆறு வாரம். நடுவில் புது இலை ஒன்று துளிர்த்ததும் “வந்துடுச்சு!” என்று குதிக்காதீர்கள். தண்டில் மிச்சமிருந்த சத்தை வைத்தே இலை துளிர்க்கலாம், கீழே வேர் இல்லாமலேயே. என்னுடைய ஏழில் ஒன்று அப்படி ஏமாற்றியது. மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர் இருக்கிறது. அதன் பிறகும் மூடியை ஒரேயடியாக எடுக்காமல் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

வெட்டவே பயமாக இருக்கிறதா? ஒரே ஒரு செடிதான், அதுவும் விலைமதிப்பில்லாதது என்றால் பதியன் போடுங்கள். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, ஒரு கணுவின் கீழ்ப்பக்கம் தோலை லேசாகச் சீவி, பக்கத்தில் வைத்த சின்னத் தொட்டி மண்ணில் பதித்து, மேலே கல் வையுங்கள். கிளை தாயுடன் சேர்ந்தே இருப்பதால் தண்ணீரும் சத்தும் வந்துகொண்டே இருக்கும். வேர்விட்ட பிறகு தாயிடமிருந்து வெட்டினால் போதும். நேரம் கூடுதலாகும், தோல்வி குறைவு. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம், எனக்குத்தான் பொறுமை இல்லை.

தண்ணீர்ப் போத்தலில் வேர்விட வைப்பவர்கள் கவனத்துக்கு

புதினா, கற்பூரவள்ளி, துளசி, வெற்றிலை எல்லாம் தண்ணீரிலேயே வேர்விடும். ஆனால் சமையலறைச் சன்னலில் வரிசையாக நிற்கும் அந்தக் கண்ணாடிப் போத்தல்களை ஏடிஸ் கொசுவுக்கும் பிடிக்கும். 20 காசு நாணயம் அளவு நீர் தேங்கினாலே அது முட்டையிடும் என்பது தேசியச் சுற்றுப்புற அமைப்பு பல ஆண்டாகச் சொல்லிவரும் செய்தி. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நீங்கள் வேருக்காகக் காத்திருக்கும் அதே ஒரு வாரம்! இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், போத்தலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். வாயைச் சுற்றிப் பஞ்சு அடைத்தாலும் நல்லது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளையும் மறக்கவேண்டாம். வீட்டில் கொசு இனப்பெருக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கி வந்தால் அபராதத்தைவிட அது பெரிது.

தண்ணீரில் வந்த வேர் மண்ணில் வந்த வேரைவிட எளிதில் ஒடியும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு முழம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கன்றுகள் பெருகிவிட்டால் தாழ்வாரத்தில் அடுக்கும் ஆசை வரும். வீவக தாழ்வாரத்தில் நடந்துபோக 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்கவேண்டும். தீ விபத்தின்போது மீட்புப் பணியாளர்களுக்கும் அண்டைவீட்டாருக்கும் அந்த வழிதான்.

தேடும்போது ஒரு விஷயம்

தாய்ச்செடி, குளோன் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தட்டிப்பார்த்தால் வரும் காணொளிகளில் பாதி கஞ்சா வளர்ப்பு பற்றியவை. மல்லிகைக்குத் தேடப்போன எனக்கே அப்படித்தான் வந்தது. தாவரவியல் ஒன்றுதான் என்பதால் சொல்லும் முறைகளும் ஒன்றுபோல் இருக்கும். அண்டை நாடான தாய்லந்து 2022 ஜூன் மாதம் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது, 2025-இல் மறுபடி கட்டுப்படுத்தியது. அதனால் ‘வீட்டில் ஒரு தொட்டிதானே’ என்ற பேச்சு இங்கேயும் இளையர்களிடம் காதில் விழுகிறது.

சிங்கப்பூரில் ஒரு தொட்டியும் குற்றம். போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் கஞ்சா வளர்ப்பவருக்கு 20 ஆண்டுவரை சிறை, 40,000 வெள்ளிவரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். மலேசியாவிலும் வளர்ப்பது கடுமையான குற்றம். ‘நண்பனுக்காகத் தண்ணீர் ஊற்றினேன்’ என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அறிமுகமில்லாத ஒருவர் கொடுக்கும் ‘மூலிகைக் குச்சி’யை வாங்கி வளர்ப்பதற்கு முன் அது என்ன செடி என்று கேளுங்கள்.

எதில் தொடங்கலாம், எதை விட்டுவிடலாம்

முதல்முறை என்றால் கற்பூரவள்ளி. ஓமவல்லி என்றும் சொல்வார்கள். தேக்காவில் வாங்கிய ஒரு கொத்திலிருந்தே தொடங்கலாம், தோற்பது கடினம். அடுத்து புதினா, பூவைக் கிள்ளிய துளசி. கை பழகியதும் வெற்றிலை, செம்பருத்தி, மல்லிகை.

கறிவேப்பிலையைத்தான் எல்லாரும் முதலில் முயல்வார்கள், மனம் உடைவார்கள். சந்தையில் வாங்கிய கறிவேப்பிலைக் கொத்து கிளையே அல்ல. அது நடுநரம்பில் சிற்றிலைகள் கோத்த ஒரே இலை. அதில் மொட்டு இல்லை, எத்தனை நாள் தண்ணீரில் வைத்தாலும் மரமாகாது. உண்மையான கிளையை வெட்டி நட்டாலும் கறிவேப்பிலை லேசில் வேர்விடாது. மரத்தடியில் பக்கக்கன்று வந்தால் அதை வேரோடு பிரித்து எடுங்கள், அல்லது பழுத்த விதையைக் காயவிடாமல் உடனே போடுங்கள்.

பிழைத்துவிட்டால் அனைத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எல்லாம் ஒரே செடி என்பதால் பலவீனமும் ஒன்றே. ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். வாழை உலகத்தில் இது நடந்திருக்கிறது. கிரோஸ் மிஷேல் என்ற ரகம் பனாமா வாடல் நோயில் அழிந்து, 1960களுக்குள் உலகச் சந்தையில் அதன் இடத்தைக் கேவண்டிஷ் பிடித்தது. அதுவும் குளோன்தான். எங்கள் ஐந்தில் ஒன்று என் வீட்டில், ஒன்று சித்தப்பா வீட்டில், ஒன்று அத்தையிடம், ஒன்று பாட்டியின் பழைய அண்டைவீட்டு மலாய்க்கார மாமியிடம், ஒன்று அலுவலக நண்பரிடம். தாய்த்தொட்டி அதே புளோக்கின் கீழ் உள்ள சமூகத் தோட்டத்துக்குப் போனது. ஆண்டிறுதி மழையில் வடிகால் அடைத்து அது அழுகிவிட்டது.

பாட்டியிடம் சொல்லத் தயங்கித்தான் சொன்னேன். “அதான் இங்க இருக்கே” என்று சன்னலோரத்தைக் காட்டினார். அங்கே ஒரு சாண் உயரச் செடியில் முதல் மொட்டு. முதல் மொட்டைக் கிள்ளிவிட வேண்டும் பாட்டி, அப்போதுதான் வேர் பலமாகும் என்று எடுத்துச் சொன்னேன். சரியான ஆலோசனைதான் அது, நீங்கள் பின்பற்றுங்கள். பாட்டி பின்பற்றவில்லை. மறுநாள் காலை அந்தப் பூ சாமி படத்தின் முன்னால் இருந்தது.